ஒரு தரம், ரெண்டு தரம், அஞ்சு சென்ட்!

(பட்டிமன்றத் தலைப்பு: 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கச் சாமானியனைக் கரைசேர்த்தது வீட்டுச் சிக்கனமா, அக்கம்பக்கமா? ‘அக்கம்பக்கமே’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் வீட்டில் உட்காராமல் வந்து முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் மேடைக்கு வரும்போதே ஒரு பையோடு வந்தார். நடுவருக்கு ஏதோ பலகாரம் வருகிறது, தீர்ப்பு இப்போதே கைமாறப் போகிறது என்று பயந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் ஒரு பழைய தீவன மூட்டைத் துணி. நீலப் பூப்போட்ட பருத்தி. பழம்பொருள் கடையில் வாங்கினாராம். “கோழித் தீவன மூட்டையில் கவுன் தைத்து உடுத்திய பெண்கள்தான் இந்த நாட்டைக் காப்பாற்றினார்கள்” என்று அதைத் தூக்கிப் பிடித்தார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எங்கள் அணித்தலைவர் என் தொடையில் கிள்ளிய பிறகுதான் நான் எந்த அணி என்று ஞாபகம் வந்தது.

அம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.

பெரியவர்களே, இந்த ஓரத்தைப் பாருங்கள். இங்கே இருந்தது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் பிரிந்து வந்துவிடும். அந்த நூலைக்கூட எறிய மாட்டார்கள். உருண்டையாகச் சுற்றிவைத்துப் பின்னல் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மூட்டையில் கம்பெனி முத்திரை அடித்திருக்கும். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ ஊறவைத்து, காலையில் கசக்கித் துவைத்து அந்த மையைப் போக்குவார்கள். இதையெல்லாம் பார்த்த மில்காரர்கள், மூட்டை வாங்குவது கணவன் என்றாலும் எந்த மூட்டை என்று முடிவு செய்வது மனைவி என்று புரிந்துகொண்டு, மூட்டையிலேயே பூவும் கட்டமும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். இதுவரைக்கும் அம்மையார் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் அவர் தையல் கணக்கைச் சொல்லவில்லை. 45 கிலோ மூட்டையைப் பிரித்து விரித்தால் ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் கூட வரும். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு கவுன் தைக்க மூன்று மூட்டையாவது வேண்டும். மூன்றும் ஒரே பூவாக இருக்க வேண்டும். இவள் வீட்டுக் கோழிகள் எவ்வளவு தின்னும்? ஒரு சமயத்துக்கு ஒரு மூட்டை. அடுத்த முறை கடைக்குப் போனால் அந்தப் பூ தீர்ந்திருக்கும், பச்சைக் கட்டம் வந்திருக்கும். அப்போது என்ன செய்தாள்? வேலியைத் தாண்டிப் போனாள். “அக்கா, உன்னிடம் நீலப் பூ ஒன்று இருக்கிறதாமே, என் பச்சைக் கட்டத்தை எடுத்துக்கொள்.” மூட்டைத் துணி மாற்றிக்கொள்வது அந்தக் காலக் கிராமத்துப் பெண்களிடம் நாடு முழுக்க நடந்த வியாபாரம். ஆக, அம்மையார் தூக்கிக் காட்டிய கவுனில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கனம். பாக்கி இரண்டு பங்கு பக்கத்து வீடு. சாட்சியை அவர்கள் கூட்டிவந்தார்கள், சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி ஓர் அடிப்படைத் தப்பு செய்கிறது. பெருமந்தத்தைப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பஞ்சத்தில் தானியமே இருக்காது. இருப்பதை எண்ணி எண்ணிச் சாப்பிட வேண்டும். அங்கே சிக்கனம்தான் மருந்து, ஒப்புக்கொள்கிறேன். 1930களின் அமெரிக்காவில் எது இல்லாமல் போயிற்று? ஐயோவாவில் சோளத்துக்கு விலை இல்லை. நிலக்கரி வாங்குவதைவிட இது மலிவு என்று விளைந்த சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் பறிகூலிக்குக்கூட விலை கட்டாது என்று பழங்கள் மரத்திலேயே அழுகின. அதே மாநிலத்தின் சியாட்டில் நகரத்தில் பிள்ளைகள் பசியோடு படுத்தன. சோளம் இருந்தது, பழம் இருந்தது, வேலை செய்யக் கை இருந்தது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து, வங்கிகள் விழுந்து, ஆலைகள் மூடி, 1933 வாக்கில் உழைக்கிறவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை, ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர். அறுந்துபோனது இவர்களுக்கு நடுவே இருந்த கயிறு. அறுந்த கயிற்றை ஒருத்தி தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எப்படி முடிச்சுப் போடுவாள்? இன்னொரு முனை வேறு யார் கையிலோ அல்லவா இருக்கிறது!

இன்னும் ஒன்று. எல்லாரும் சேர்ந்து சிக்கனம் பிடித்தால் என்ன ஆகும்? செருப்பு ஓட்டையானால் உள்ளே அட்டையை வெட்டி வைத்து நடந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஊரே அட்டை வைத்து நடந்தால் செருப்பு ஆலைக்காரன் வேலை போகிறது. அவன் சட்டை வாங்க மாட்டான், சட்டை ஆலை மூடும். சிக்கனம் ஒரு வீட்டுக்கு மருந்து, ஊர் மொத்தமும் குடித்தால் அதே மருந்து விஷம்.

சரி, ‘ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்து வைத்தார்களே, அந்தச் சேமிப்பு?’ என்று எதிரணி கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். 1930 டிசம்பர், நியூயார்க். ‘பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று ஒரு வங்கி. பேரைப் பார்த்து அரசாங்க வங்கி என்று நம்பியவர்கள் உண்டு. ஆனால் அது தனியார் வங்கி. கணக்கு வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். பெரும்பாலும் துணி தைக்கும் பட்டறைகளில் வேலை பார்த்த, ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள். காசு காசாகச் சேர்த்தவர்கள். ஒரு நாள் கதவு சாத்தப்பட்டது. 1930 முதல் 1933 வரை இப்படிச் சாத்திய வங்கிகள் சுமார் 9,000. வைப்புத் தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 1934 ஜனவரி 1-ஆம் தேதிதான். அதுவரை வங்கி போனால் காசும் போச்சு. சிலருக்குக் கொஞ்சம் பிற்பாடு திரும்ப வந்தது, எப்போது, எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். அப்போது நாட்டில் மதுவிலக்கு. சம்பளத்தை எல்லாம் திருட்டுச் சாராயத்தில் விட்டவனுக்கு வங்கி விழுந்ததில் ஒரு காசு நஷ்டமில்லை! எவன் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தானோ அவன்தான் தெருவுக்கு வந்தான். எதிரணியின் கதாநாயகனைத்தான் பெருமந்தம் முதல் அடியில் சாய்த்தது.

அப்படி வங்கி விழுந்த ஒரு சின்ன ஊர், வாஷிங்டன் மாநிலத்தின் டெனினோ. ஊருக்கு இருந்த வங்கி 1931 டிசம்பரில் மூடிவிட்டது. மளிகைக் கடையில் சாமான் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் கைமாற நோட்டு இல்லை. ஊர் வர்த்தகர் சங்கம் என்ன செய்தது தெரியுமா? மெல்லிய மரத் தகட்டில் பணம் அச்சடித்தது. ஸ்ப்ரூஸ் மரத்தைச் சீவிய தகடு, உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் ஓட்டினார்கள். மூடிய வங்கியில் உனக்கு வரவேண்டிய பணத்தில் கால் பங்கு வரைக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு இந்த மரக்காசை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நிமிஷம் அந்த மளிகைக் கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். கையில் ஒரு மரச் சீவல். அதை வாங்கிக்கொண்டு ஒரு பவுண்டு காப்பித் தூளைக் கொடுக்கிறார். எந்தத் தைரியத்தில்? நாளைக்கு முடிதிருத்துபவர் தன்னிடம் இதை வாங்கிக்கொள்வார், அவரிடமிருந்து கசாப்புக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார் என்ற ஒரே தைரியத்தில். அதன் பின்னால் தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, எதிர்வீட்டுக்காரன் முகம் இருந்தது. கடைசியில் விஷயம் நாடெங்கும் பரவி, ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள ஆட்கள் விலை கொடுத்து வாங்கிப் போனதில், அந்தக் காசில் பெரும்பகுதி திரும்ப வரவே இல்லை. ஊருக்கு லாபம்!

மரக்காசு இல்லாத ஊர்களில் பற்று நோட்டு இருந்தது. தெருமுனைக் கடைக்காரர் எழுதிவைத்துக்கொண்டு ரொட்டியும் பாலும் கொடுத்தார். எத்தனையோ கடைக்காரர்கள் அந்த நோட்டாலேயே நொடித்துப் போனார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் அது சிக்கனம். நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணி முதல் பேச்சாளர் ஐயா வெள்ளை மாளிகை வரைக்கும் போனார். 1933 மார்ச்சில் புது ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட், ஆளுக்கு ஏழரை சென்ட் செலவில் ஒரு மதியச் சாப்பாடு போட்டுக் காட்டினார், தக்காளிச் சாறு ஊற்றிய முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, உலர்ந்த பிளம் பழத்தில் ஒரு புட்டிங். ஜனாதிபதியே அதைச் சாப்பிட்டார் என்றார் ஐயா. நல்ல விஷயம். ஆனால் ஐயா, அந்த ஏழரை சென்ட்? வேலை இல்லாதவன் வீட்டில் அந்த ஏழரை சென்ட்டை யார் கொண்டுவந்து வைப்பது? சிக்கனம் ஒரு ரூபாயை ஒன்றரை ரூபாயாக நீட்டும். பூஜ்யத்தை எவ்வளவு நீட்டினாலும் பூஜ்யம்தான்.

சியாட்டில் பக்கம் திரும்புகிறேன், மேலே சொன்ன அழுகிய பழத்துக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். 1931-ல் அங்கே வேலையிழந்தவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். விவசாயியிடம் போய், நீ எப்படியும் அறுக்கப் போவதில்லை, நாங்கள் பறித்துக்கொள்கிறோம் என்றார்கள். காட்டில் விழுந்த மரத்தை வெட்டினார்கள். மீனவர்கள் மீன் பிடித்துக் கொடுத்தார்கள். நகரத்தில் 22 கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பண்டகசாலை. முடி வெட்டத் தெரிந்தவன் முடி வெட்டினான், விறகு வாங்கிப் போனான். தைக்கத் தெரிந்தவள் தைத்தாள், உருளைக்கிழங்கு வாங்கிப் போனாள். டாக்டர்கள்கூட இந்தக் கணக்கில் வைத்தியம் பார்த்தார்கள். ஒரு டாலர் நோட்டு நடுவில் வரவில்லை. அறுந்த கயிறு என்றேனே, அதை முடிச்சுப் போட்ட கை இது.

அதே நகரத்தில் வீடிழந்தவர்கள் துறைமுகப் பக்கம் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டார்கள். போலீஸ் வந்து கொளுத்தியது. திரும்பக் கட்டினார்கள். திரும்பவும் கொளுத்தியது. மறுபடி, இந்தத் தடவை எரியாத மாதிரி தகரக் கூரை போட்டுக் கட்டினார்கள். மரம் வெட்டும் வேலை போன ஒருவரை ‘மேயர்’ என்று வைத்துக்கொண்டு, வெள்ளையர், கறுப்பினத்தவர், பிலிப்பினோ எல்லாரும் இருந்த ஒரு கமிட்டி போட்டுப் பத்து வருஷம் அந்தக் குடியிருப்பை நடத்தினார்கள். இதுபோன்ற குடிசைப் பகுதிகளுக்கு நாடெங்கும் ‘ஹூவர்வில்’ என்று பெயர், அப்போதைய ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் ஞாபகமாக! போர்த்திக்கொள்ளும் செய்தித்தாள் ‘ஹூவர் போர்வை’. வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப்பை ‘ஹூவர் கொடி’. பெட்ரோலுக்குக் காசில்லாமல் கோவேறு கழுதை பூட்டி இழுத்த கார் ‘ஹூவர் வண்டி’. நக்கல் பண்ணக்கூடப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். தனியாகச் சிரித்தால் வேறு பெயர்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. ஏலம்.

1931, நெப்ராஸ்கா மாநிலம், மாடிசன் கவுண்டி. ஒரு விவசாயக் குடும்பம் கடனைக் கட்ட முடியவில்லை. வங்கி பண்ணைச் சாமான்களை ஜப்தி செய்து ஏலத்துக்கு விட்டது. ஏலத்துக்கு நூற்றைம்பது விவசாயிகள் வரைக்கும் வந்துவிட்டார்கள். நல்ல கூட்டம், நல்ல விலை போகும் என்று வங்கி நினைத்திருக்கும். ஏலக்காரர் முதல் சாமானைச் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான்: அஞ்சு சென்ட். ஏலக்காரர் சுற்றிப் பார்க்கிறார். நூற்றைம்பது பேரும் தொப்பியைச் சரிசெய்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், பூட்ஸ் மண்ணைத் தட்டுகிறார்கள். வாய் திறக்க ஆளில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம். முடிந்தது. அடுத்த சாமான். அதுவும் சில்லறைக் காசு. எல்லாம் விற்று முடித்து வங்கிக்கு வந்த தொகை எவ்வளவு தெரியுமா? ஐந்து டாலர் 35 சென்ட். வாங்கியவர்கள் சாமானை எடுத்துப் போகவில்லை. அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு ‘பென்னி ஏலம்’ என்று பெயர் வந்தது. மத்திய மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீ மாதிரி பரவியது. விவரம் தெரியாத வெளியூர் வியாபாரி கையைத் தூக்கினால், தோளில் ஒரு கனத்த கை விழும். “அந்த விலை கொஞ்சம் அதிகம்போல இருக்கே” என்று ஒரு குரல் கேட்கும். சில இடங்களில் களஞ்சியத்து உத்தரத்தில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கும், எதுவும் எழுதியிருக்காது.

எதிரணியில் யாரோ ‘ரவுடித்தனம்’ என்கிறார்கள், காதில் விழுந்தது. ஆமாம் ஐயா, மிரட்டல்தான். எல்லை மீறியதும் உண்டு. 1933 ஏப்ரலில் ஐயோவாவின் லெ மார்ஸில், ஜப்தி வழக்குகளை நிறுத்த மாட்டேன் என்ற நீதிபதியை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டார்கள். உயிர் தப்பினார். ராணுவத்தை இறக்க வேண்டியதாயிற்று. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. நடுவர் அவர்களே, நீங்கள் ஏன் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறீர்கள்? எங்கள் அணியில் யாரிடமும் கயிறு இல்லை.

ஆனால் அந்த ஏலக் களத்தில் நின்றவன் மனசைப் பாருங்கள். அவனிடமும் உடைந்த ஏர்தான் இருக்கிறது. எதிரே நல்ல ஏர் பத்து சென்ட்டுக்குப் போகிறது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் அதைவிடச் சிக்கனம் உலகத்தில் உண்டா? வாங்கினான். வாங்கி, உரியவன் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தான். நாளைக்குத் தன் வாசலில் ஏலம் நடக்கும், அன்றைக்கு இவன் வந்து வானத்தைப் பார்ப்பான் என்ற கணக்கும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் அக்கம்பக்கம்.

‘கடைசியில் அரசாங்கம் வந்துதானே காப்பாற்றியது’ என்று எதிரணி பக்கவாட்டில் ஒரு கல் எறிந்தது. தலைப்பிலேயே இல்லாத கல். இருந்தாலும் பிடித்துத் திருப்பி எறிகிறேன். மத்திய அரசு நிவாரணத்துக்கென்று மானியமாகப் பணம் ஒதுக்கியது 1933 மே மாதத்தில். சந்தை சரிந்தது 1929 அக்டோபரில். நடுவே மூன்றரை வருஷம். மூன்றரை வருஷம் காத்துக்கொண்டிருக்க வயிறு என்ன தாலுகா ஆபீஸா? ஜப்தியை ஒத்திப்போடும் சட்டம் மினசோட்டாவில் வந்தது 1933-ல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுத்த ஜனவரியில் அது செல்லும் என்றது. யார் முன்னால், யார் பின்னால்? விவசாயிகள் களத்தில் நின்று வானத்தைப் பார்த்த பிறகுதான் சட்டசபை கீழே குனிந்து பார்த்தது.

அடுத்து, ஐயா சொன்ன அரசாங்கத்தின் இளைஞர் படை விஷயம்: காடு வளர்க்கப் போன பையன்களுக்கு மாதம் 30 டாலர், அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பினார்கள், என்ன ஒரு சிக்கனம் என்று ஐயா உருகினார். ஐயா, அவன் அனுப்பவில்லை, அரசாங்கமே பிடித்து வீட்டுக்கு அனுப்பியது. பதினெட்டு வயசுப் பையன் கையில் முப்பது டாலரையும் கொடுத்திருந்தால் சிக்கனம் எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

நகரத்துக்கு வாருங்கள். நியூயார்க்கின் ஹார்லெம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. வாடகை மற்ற இடங்களைவிட அதிகம், சம்பளம் குறைவு, வேலை போனால் முதலில் அவர்களுக்குத்தான் போகும். மாசக் கடைசியில் வாடகைக்குக் காசில்லை என்றால் என்ன செய்வார்கள்? வீட்டில் ஒரு விருந்து! சின்ன அட்டை அச்சடித்துத் தெருவில் கொடுப்பார்கள். வாசலில் சில்லறைக் கட்டணம். உள்ளே ஒரு பியானோக்காரர், பொரித்த மீன், பன்றிக்கால் சூப், மறைத்து வைத்த சாராயம். விடியவிடிய ஆட்டம். விடிந்ததும் எண்ணிப் பார்த்து வாடகையைக் கட்டிவிடுவார்கள். 1920களிலேயே இருந்த பழக்கம், மந்தத்தில் உயிர்நாடியாயிற்று. மொய் விருந்துக்குப் போய் வந்த கை இங்கே எத்தனை இருக்கிறதோ, அவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

வாடகையும் கட்ட முடியாமல் சாமானைத் தெருவில் வீசினால்? சிகாகோவிலும் நியூயார்க்கிலும் அதிகாரிகள் கட்டிலையும் அடுப்பையும் நடைபாதையில் வைத்துவிட்டுத் திரும்பியதும், தெருவே கூடி அவற்றைத் திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடும். சும்மா நடந்துவிடவில்லை. 1931 ஆகஸ்டில் சிகாகோவில் இப்படி ஒரு வீட்டைக் காலி செய்வதைத் தடுக்கப் போன கூட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று கறுப்பினத்தவர்கள் இறந்தார்கள். அடுத்தவன் வீட்டுக் கட்டிலுக்காக.

பென்சில்வேனியாவில் வேறு கதை. நிலக்கரிச் சுரங்கத்தைக் கம்பெனி மூடிவிட்டது. சுரங்கத் தொழிலாளிக்குத் தெரிந்தது ஒன்றுதான். கம்பெனி நிலத்திலேயே ராத்திரியும் பகலுமாகத் தானே குழி வெட்டினான். பழைய கார் எஞ்சினை வைத்துக் கரியை மேலே இழுத்தான். மனைவியும் பிள்ளைகளும் உடைத்துச் சலித்தார்கள். லாரியில் ஏற்றி நியூயார்க் வரைக்கும் விற்றார்கள். 1930களின் நடுவில் இதில் இறங்கியவர்கள் 20,000 பேர் வரை இருக்கும். சட்டப்படி முழுத் திருட்டு. கம்பெனி பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தினால், ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள். குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள்! குழி சரிந்து செத்தவர்கள் பலர். சரிந்தால் தோண்டி எடுக்க ஓடி வந்ததும் அடுத்த குழிக்காரன்தான்.

இப்போது நான் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அணித்தலைவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறார். பரவாயில்லை தலைவரே, நாம் சொல்லாவிட்டால் எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்வார்.

அண்டை வீட்டார் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. வேலை குறைந்ததும், ‘இவர்கள்தான் நம் வேலையைத் தின்கிறார்கள்’ என்று மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை லட்சக்கணக்கில் ரயிலேற்றி அனுப்பினார்கள். அதில் நிறையப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், குழந்தைகள். புழுதிப் புயலில் நிலம் போய், ஓக்லஹோமாவிலிருந்து மெத்தையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்தவர்களை, 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கலிபோர்னியாவின் எல்லைக்கே போய் நின்று திருப்பி அனுப்பியது. காசில்லாதவன் உள்ளே வராதே என்று. இது நடந்தது. இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் எங்கள் அணியின் கதாநாயகர்கள்தான்.

ஆனால் எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த நாட்டிலேயே அப்போது அந்த ஓக்லஹோமாக்காரர்களைவிடச் சிக்கனமானவர்கள் யார்? புழுதி வீசும்போது ஜன்னலில் ஈரப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைத்து, பரிமாறும் நொடியில் நிமிர்த்திச் சாப்பிட்டவர்கள். மாட்டுக்குப் போடும் முட்செடியை உப்பில் ஊறவைத்துத் தின்றவர்கள். பீன்ஸ் பொறுக்கியும் பருத்தி எடுத்தும் குருவி மாதிரிச் சேர்த்த அந்த மெக்சிகோக் குடும்பங்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க ஆளுண்டா? அவ்வளவு சிக்கனமும் சேர்ந்து அவர்களைக் காப்பாற்றியதா? அக்கம்பக்கம் கையை இழுத்துக்கொண்ட இடத்தில் எல்லாம் சிக்கனம் தனியாக நின்றது. நின்று என்ன செய்தது என்று எதிரணி சொல்லட்டும்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு சம்பவம்.

1934, ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ. கார் உதிரிபாகம் செய்யும் ஆட்டோ-லைட் ஆலையில் வேலைநிறுத்தம். கம்பெனிக்குக் கவலையில்லை. ஊர் முழுக்க வேலை இல்லாதவர்கள், கதவைத் திறந்தால் ஆயிரம் பேர் வருவார்கள். கதவைத் திறந்தது. ஒரு கூட்டம் உள்ளே போகவும் செய்தது. ஆனால் அதே ஊரில் வேலையில்லாதோர் சங்கம் ஒன்று இருந்தது. அந்தச் சங்கத்துக்காரர்களும் ஆயிரக்கணக்கில் ஆலை வாசலுக்கு வந்தார்கள். வந்து, உள்ளே போகவில்லை. வேலைநிறுத்தக்காரர்களோடு வெளியே நின்றார்கள். கூடாது என்று கோர்ட் தடை போட்டது, மீறி நின்றார்கள். தேசியக் காவல்படை வந்து சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள், அப்புறமும் நின்றார்கள். ஜூன் மாதம் கம்பெனி இறங்கி வந்து சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது.

மாசக்கணக்கில் சம்பளம் பார்க்காத ஒருவன். வீட்டில் பிள்ளைகள். எதிரே திறந்த ஆலைக் கதவு, உள்ளே நுழைந்தால் இன்றைக்கே கூலி. அது அடுத்தவன் வேலை என்று அவன் வெளியே நின்றதை, அம்மையார் எந்த மூட்டையில் கட்டி எந்த அணியில் சேர்ப்பார்?

மணி அடித்துவிட்டது. சரி நடுவர் அவர்களே, இறங்குகிறேன்.

அம்மா, இந்தாருங்கள் உங்கள் துணி, பத்திரம். இது ஒரு மூட்டைதான். கவுன் தைக்க இன்னும் இரண்டு வேண்டும். எங்கள் அணியில் கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.